துடக்குக் கழியப் பதினெட்டு நாள்

சாகக் கிடக்கிறவர்களுக்கு நாள் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. தண்ணீரூற்றுப் பக்கத்து அரசாங்க டிஸ்பென்சரியில் நான் அப்போதிக்கரியாக, டொக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கிறவனாக, இருந்த பதினொரு வருடமும், யோகலிங்கத்தார் ஒரு கிழமை என்றால் ஏழே நாள்தான் என்று சனம் பேசிக்கொண்டது. கொழும்பிலிருக்கும் மகனுக்குத் தந்தி அடிப்பதா, கலியாணத்தை முன்னுக்கு இழுப்பதா, எல்லாம் என் வாயைப் பார்த்துத்தான் நடக்கும். கண்ணின் வெள்ளை, காலின் வீக்கம், மூச்சின் மணம், சோற்றை ஒதுக்குகிற விதம், இவற்றைப் பார்த்து ஒரு கணக்குப் போடுவேன். டொக்டர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலை இந்தப் பெயர் கொஞ்சம் ஆற்றியது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சிற்றம்பலம் வயல் செய்கிறவர், வயது நாற்பத்தெட்டு. அறுபத்துநாலாம் ஆண்டு தை மாதம், வயிறு பாரமாக இருக்கிறது என்று வந்தார். அமத்திப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வன்னியில் வயிற்றுக்குள் கட்டி என்றால் அது மலேரியா விட்டுப்போன காய்ச்சற்கட்டிதான். அப்படி ஆயிரம் வயிறு நான் அமத்தியிருக்கிறேன்.

"பழைய காய்ச்சற்கட்டி. கரைஞ்சிடும்" என்று குளிசை கொடுத்து அனுப்பினேன்.

காய்ச்சற்கட்டி வருவது இடப்பக்கத்தில். இவருக்கு இருந்தது வலப்பக்கத்தில். கைக்குத் தெரிந்ததை மண்டை கேட்கவில்லை. பழக்கம் அப்படி, அவசரமும் அப்படி. அன்றைக்கு வரிசையில் அறுபது பேர் நின்றார்கள் என்று பிறகு எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சித்திரையில் கண் மஞ்சளாகித் திரும்பி வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவரும் மனைவி அன்னபாக்கியமும் ஒட்டிய கடிதம் ஒன்றோடு வந்து நின்றார்கள். ஆங்கிலம் தெரியாத மனிதரின் கையிலேயே அவருடைய சாவை மடித்து ஒட்டிக் கொடுத்துவிடுவது அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மாருக்கு வழக்கம். அன்னபாக்கியம் அதை முழுப் பஸ் பயணமும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஈரலில் புற்று, வெட்ட வழியில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கவும். எழுதியிருந்தது அவ்வளவுதான். வருத்தத்தின் பெயரை, புற்று என்று, அவர்களுக்கு மறைக்காமல் சொன்னேன். எத்தனை நாள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த கிழமை, திங்கட்கிழமை காலை, சரீப் டிஸ்பென்சரிக்குள் நுழைந்தார். தேனும் கருவாடும் ஏற்றி விற்கிற வியாபாரி, சிற்றம்பலத்துக்கு இருபது வருடச் சிநேகிதர். வரிசையில் நின்றவர்களை விலத்திக்கொண்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, நான் நோயாளிகளைப் பார்க்கிற வாங்கில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"என்ன வருத்தம்?" என்றேன்.

"எனக்கொரு வருத்தமும் இல்லை ஐயா. என்ரை ஈரல் நல்லதோ எண்டு அமத்திப் பாத்துச் சொல்லுங்கோ."

பத்திரிகையில் கிழித்து மடித்த துண்டு ஒன்றை நீட்டினார். ஈரலில் புற்று வந்தவர்களுக்கு அதை எடுத்துவிட்டு வேறொருவரின் ஈரலை வைத்துத் தைக்கிறார்கள், அமெரிக்காவில் இப்படி நடக்கிறது என்று நாலே நாலு வரி.

"எனக்கு விளங்காத விசயமில்லை. எத்தினை மான், எத்தினை மரை உரிச்சிருப்பன். ஈரல் மடல் மடலாத்தானே கிடக்கு? ஒரு மடலைச் சிற்றம்பலத்துக்கு வைக்கட்டும். மிச்சம் எனக்குக் காணும். நீங்கள் கொழும்புக்கு ஒரு கடிதம் மட்டும் தாங்கோ."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது. ஆனால் வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அமத்தியபோது, அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தார். நல்ல வயிறு. ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தால்தான் இந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பேச வரும்.

"எழும்பும் சரீப். உயிரோட இருக்கிற ஆளிட்டை எடுக்கிறேல்லை. செத்த ஆளிட்டைத்தான் எடுக்கிறது. கொழும்பிலை அதைச் செய்ய ஒருத்தரும் இல்லை. அமெரிக்காவிலையும் செய்து பாத்தது ஐஞ்சு பேருக்குத்தான்."

"அந்த ஐஞ்சு பேரும்?"

கொழும்பில் முன்பு எனக்கு மேலே இருந்த டொக்டர் ஒருவர் பழைய மருத்துவச் சஞ்சிகைகளை எனக்கு அனுப்புவார். அதில் வாசித்திருந்தேன்.

"ஒருத்தரும் இப்ப இல்லை. ஆகக் கூட நாள் இருந்தவர் இருபத்துமூண்டு நாள்."

சரீப் எழுந்திருந்து சட்டையைப் போட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"நான் நேற்றே சிற்றம்பலத்திட்டைச் சொல்லிப்போட்டன் ஐயா" என்றார். "விடியவே எழும்பிச் சவரம் செய்துபோட்டு இருக்கிறார். கொழும்புக்குப் போகவேணுமாம். என்னாலை இனிப் போய்ச் சொல்லேலாது. நீங்கள் சொல்லுங்கோ."

பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சிற்றம்பலம் சுவரில் தலையணை போட்டுச் சாய்ந்திருந்தார். வழித்த முகம், நெற்றியில் நீறு, கழுத்துத் தொளதொளத்த வெள்ளைச் சட்டை. வயிறு மட்டும் சட்டைக்குள் அடங்கவில்லை. கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய கை மணிக்கட்டோடு தானாகத் துவண்டு துவண்டு விழுந்தது. மூச்சில் ஈரல் கெட்டவர்களின் அந்த மணம். கணக்கு என் தலைக்குள் தானாகவே ஓடி முடிந்துவிட்டது. பத்து நாள்.

ஈரல் மாற்றுகிற கதையைச் சொன்னேன். ஐந்து பேரையும் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆகக் கூட இருபத்துமூண்டு நாள்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சரி. மாத்தாட்டி நான் எத்தினை நாள் இருப்பன்?"

நான் வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்தேன்.

"செத்துப்போவன் எண்டு பயந்து கேக்கேல்லை ஐயா" என்றார். "மூத்தவள் இராசமலருக்குப் பிள்ளை கிடைச்சு இண்டைக்குப் பதின்மூண்டு நாள். பெட்டைப்பிள்ளை. தலைப்பிள்ளையை இஞ்சைதான் பெத்திருக்கவேணும். நான் இப்பிடிக் கிடக்கிறதாலை நெளுக்குளத்திலை மாமி வீட்டிலை பெத்தவள். துடக்குக் கழிய இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு."

பிள்ளை பெற்ற தீட்டுத்தான் துடக்கு. முப்பத்தோராம் நாள் அதைக் கழிக்கும்வரை தாயும் பிள்ளையும் வாசற் படலை தாண்டுவதில்லை.

"என்ரை கணக்கு அதுக்கு முந்தி முடியுமெண்டா, நாளைக்கே அன்னபாக்கியத்தை அனுப்பித் துடக்கோடயே கூட்டிவரச் சொல்லுவன். சம்பந்தி ஆக்கள் முகத்தை நீட்டுவினம். நீட்டட்டும். ஆனா பச்சைப்பிள்ளை, நெடுகப் பஸ்ஸிலை குலுங்கவேணும். வீணா அந்தப் பாவத்தைச் செய்ய மனமில்லை. நீங்கள் நாள் சொன்னாத் தப்பாது. சொல்லுங்கோ, அதின்படி செய்வம்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அன்னபாக்கியம் நின்றார். அவரும் என் வாயைத்தான் பார்த்தார்.

வேறு எந்த வீட்டிலும் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் என்னால் முடியவில்லை. விடிய எழும்பிச் சவரம் செய்த மனிதர். இருந்த ஒரே நம்பிக்கையை ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் நான் பிடுங்கியிருந்தேன். தை மாதம் இதே கையால் இதே வயிற்றை அமத்தி, கரைந்துவிடும் என்று சொன்னவனும் நான்தான். இன்னொரு அடியையும் நானே போடவேண்டுமா என்று இருந்தது. இரக்கம் என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனத்துக்கு அந்தப் பெயர் நல்ல வசதி.

"அமெரிக்காக்காரனை விட நீர் கூட நாள் இருப்பீர்" என்றேன். "ஒரு மாதத்துக்குப் பயமில்லை."

அந்த மஞ்சள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"கேட்டியே?" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அந்த ஐஞ்சு பேரையும் நான் வெண்டுபோட்டன். பிள்ளையை அலைக்கழிக்காதை. முப்பத்தொண்டைக் கழிச்சுக்கொண்டு முறையா வரட்டும்."

அன்னபாக்கியம் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தேன்.

நாளைக்கு வந்து மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறினேன். மூன்றாம் நாள் போனபோது அவர் நித்திரை. அன்னபாக்கியம் மெல்லிசான பழைய வேட்டியைக் கிழித்துப் பேத்திக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் சிற்றம்பலம் என்னைச் சரீப் என்று கூப்பிட்டார். அன்றைக்கு முற்றத்தில் வைத்து அன்னபாக்கியத்திடம் வாயைத் திறந்தேன்.

"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளன வரச் சொன்னா என்ன?"

"இன்னும் பன்னிரண்டு நாள்தானே ஐயா? நீங்கள் ஒரு மாதமெண்டு சொன்ன பிறகு மனிசன் நல்லா நித்திரை கொள்ளுது."

அது நித்திரை இல்லை, ஈரல் செய்கிற மயக்கம் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை மத்தியானத்துக்கு முன் சிற்றம்பலம் செத்துப்போனார்.

நெளுக்குளத்துக்குச் செய்தி கொண்டுபோனது சரீப். இராசமலர் அவரோடு லொறியில் வந்து இறங்கினாள். தனியத்தான் வந்தாள். செத்தவீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருவார்களா? தகப்பனின் தலைமாட்டில் இருந்தவளுக்குப் பால் கட்டி, சட்டை நனைந்தது. அதைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதாள். நான் வேலியோரம் ஆட்களோடு நின்றேன். நல்ல மனிசன், சாகிற வயதே என்று எல்லோரும் சொன்னதை நானும் சொன்னேன்.

செத்தவருக்குப் படைக்கிற எட்டாம் நாள் செலவுக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், கால் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அன்னபாக்கியம் வந்து நிலத்தில் இருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். மறைக்காமச் சொல்லுங்கோ. அண்டைக்கு அவற்றை கையை நீட்டச் சொல்லிப் பாக்கேக்கை, உங்கடை மனசிலை எத்தினை நாள் எண்டு பட்டது?"

தப்ப வழி இருந்தது. ஈரல் வருத்தம் அப்படித்தான், சில வேளை கணக்குப் பிழைக்கும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். என் பெயருக்கு ஒரு கீறல் விழும், அவ்வளவுதான்.

"பத்து நாள்" என்றேன்.

அவர் அழவில்லை. வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார்.

"நெளுக்குளத்துக்குப் போக ஒரு நாள்" என்றார். "பிள்ளையோட திரும்பிவர ஒரு நாள்."

மிச்ச விரல்களையும், மற்றக் கையில் நாலு விரலையும் மடித்து எண்ணி முடித்தார்.

"ஏழு நாள் மடியிலை வைச்சிருந்திருப்பார்."