நாக்குக்குத் தெரியாத உப்பு

போன தவக்காலத்தில்தான் என் கணவர் லூயிஸுக்கு இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, கூடவே உப்புக்குத் தடை. ஊருக்கெல்லாம் தவக்காலம் ஈஸ்டரோடு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

"நீ உப்பு போட்டு சாப்புட்டா எனக்கு நாக்கு ஊறும், வெரோனிகா" என்றார். சரி, மனுஷன் பிழைத்துக் கிடக்கட்டும் என்று நானும் உப்பை நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் பிரியாணியைக்கூட அப்படித்தான் விழுங்கினேன்.

ஆனாலும் அவர் கால் வீங்கிக்கொண்டே போனது, பிரஷரும் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"உப்பைக் குறைங்கன்னு எத்தனை தடவம்மா சொல்றது?"

நான் மாதாமேல் சத்தியம் பண்ணாத குறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டு மகராசன் வாயைத் திறக்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பார். முதலியார்பேட்டையிலிருந்து அவர் தங்கை லூர்துசெல்வி வந்து என் குழம்பை ருசி பார்த்தாள். "நான் வர்றேன்னு தெரிஞ்சி இன்னிக்கி மட்டும் போடல போல, அண்ணி" என்றாள். அதற்கும் அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று மூச்சு வாங்கவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்றார் இவர்.

இன்று காலை இட்லி சாப்பிட்டதும் நெஞ்சைத் தடவினார்.

"நான் நடக்கப் போறப்ப எடுத்துனு போற பைய கொண்டாந்தியா? அதுல கேஸ் பவுடர் இருக்கும். ஒண்ணு கலக்கிக் குடு."

பையில் துண்டுக்கு அடியில் பாக்கெட்டுகள் சரமாகக் கிடந்தன, பெட்டிக்கடையில் தொங்குகிற மாதிரி.

"தெனமுமா?"

"பஜ்ஜி துன்னா நெஞ்சு கரிக்குது. அதான். இதெல்லாம் ஒரு மருந்தா? சும்மா கேஸுக்கு."

பீச்சில் நடக்கச் சொன்னால், பஜ்ஜிக் கடை வரைக்கும் நடந்திருக்கிறார். நான் இங்கே சப்பென்ற சோற்றைத் தின்றுகொண்டு, அவர் நடந்துவிட்டு வருவாரே என்று வெந்நீர் வைத்துக் காத்திருந்தேன்.

சுற்றிப் பார்க்க வந்த டாக்டரம்மாவிடம் சரத்தை நீட்டி, பஜ்ஜிக் கதையையும் சொன்னேன். அவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார்.

"இதுல நிறைய சோடியம் இருக்கும்மா. நாக்குக்குத் தெரியாத உப்பு. மாத்திரை பிரஷரை இறக்குது, இவரு ஏத்திக்கிறாரு. பஜ்ஜி உப்பு வேற." பிறகு என் கையைப் பிடித்தார். "தெரியாம உங்களைத் திட்டிட்டேன். மனசுல வச்சிக்காதீங்கம்மா."

எங்கிருந்தோ வந்த அந்தப் பெண்ணுக்கு அது சொல்லத் தோன்றியது. நான் இவரைப் பார்த்தேன். இவர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டாக்டரம்மா போனதும் இவர் போனில் லூர்துசெல்வி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வெரோனிகாமேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஜ்ஜியையும் பவுடரையும் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன்.

"டாக்டரு இன்னாண்ணே சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். காலண்டர் இல்லாததால் ஜன்னலைப் பார்த்தார்.

"உப்பு கூடிப்போச்சாம், செல்வி."

"நான் அப்பவே சொன்னேன்ல? அண்ணிகிட்ட கண்டிச்சி சொல்லுண்ணே."

"சொல்றேன், சொல்றேன்."

போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு, "அவகிட்டப் போயி இதெல்லாம் எதுக்கு?" என்றார் என்னிடம்.

கீழே கேன்டீனுக்குப் போய்த் தயிர் சாதம் வாங்கினேன். ஊறுகாய் தாராளமாக வைக்கச் சொன்னேன். முதல் வாயிலேயே நாக்கு கூசியது. உப்பு இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அவருக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு மேலே போகிற நேரம். என் போன் அடித்தது. லூயிஸ் என்று காட்டியது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்டேன்.