கை நீளம்

மின்னல் நீட்டிய டீ டம்ளரை வாங்கும்போது அவள் விரல்கள் டீச்சரின் கையில் பட்டன. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கை மெத்தென்று இருந்தது.

மின்னல் என்பது தெரு வைத்த பெயர். ஐந்து வீட்டுப் பாத்திரங்களையும் மதியத்துக்குள் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். நாலு வருஷமாக டீச்சர் வீட்டிலும் அவள்தான். சோப்பும் இரும்பு நாரும் தின்ற உள்ளங்கை, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். ஒருமுறை டீச்சரின் தலையில் எண்ணெய் வைத்தபோது முடி அந்தக் கையில் சிக்கிக்கொள்ள, இருவரும் சிரித்திருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் அது எப்படி இப்படி ஆனது?

டீச்சர் நேராகப் போய் படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். பிறந்தநாளுக்குத் தங்கை வாங்கித் தந்த விலை உயர்ந்த க்ரீம் அங்கே இருந்தது. வெளியே கிளம்பும்போது மட்டும் ஒரு பொட்டு எடுத்துப் பூசுவாள். மூடியைத் திருகினால், நடுவில் இரண்டு விரல் விட்டு அள்ளிய பள்ளம்.

அதைச் சமன் செய்துவிட்டு, கண்ணாடி டப்பாவின் வெளிப்புறம் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

பள்ளி விடுமுறை. நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். சந்தேகத்துக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. மின்னல் திடீரென்று ரப்பர் உறை மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். கைரேகை விழக்கூடாதென்றா? படுக்கையறையைப் பெருக்க முன்னைவிட நேரம் எடுப்பதாகத் தோன்றியது.

"நாளைக்கு சீக்கிரம் கிளம்பிடுவேன், டீச்சர். ஒரு எடத்துக்குப் போகணும்."

"எந்த எடத்துக்கு?"

"சும்மாத்தான்."

அந்த 'சும்மா'வை டீச்சர் நம்பவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னாள். "நம்ம மின்னலுக்குக் கை நீளம் போலிருக்கு."

"சேச்சே! க்ரீம்தானே, விடு" என்று அவர் ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பார்த்தால், க்ரீம் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"கையை நீட்டு" என்றாள் டீச்சர். வகுப்பறைக் குரல்.

"எதுக்கு டீச்சர்?"

"நீட்டுன்னா நீட்டு."

ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு மின்னல் நீட்டினாள். டீச்சர் மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் வாசம்தான் வந்தது.

"எண்ணெயைத் தடவி வாசத்தை மறைச்சிட்டியா?"

"எந்த வாசத்தை?"

"என் க்ரீமை யாரோ எடுக்கறாங்க. வீட்டுல இருக்கறது மூணே பேரு. கை பஞ்சு மாதிரி ஆயிருக்கறது உனக்கு மட்டும்தான்."

மின்னல் தன் பையிலிருந்து ஒரு சின்ன கிளிசரின் பாட்டிலை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"கடைவீதியில துணிக்கடையில வேலை கேட்டேன். மானேஜர் மெல்லிசுத் துணி ஒண்ணைக் குடுத்து மடிக்கச் சொன்னாரு. என் கை பட்டதும் நூல் பிரிஞ்சு வந்திருச்சு. 'உன் கையை எங்க துணி தாங்காதும்மா, ஒரு மாசம் கழிச்சு வா'ன்னாரு. மருந்துக்கடை அம்மாகிட்ட கேட்டேன். படுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கையை ஊறவெச்சு, சக்கரையில எண்ணெய் விட்டு மெதுவா தேய்ச்சுக் கழுவணும். ஈரம் காயறதுக்குள்ள இதைத் தடவி, பழைய சாக்ஸைக் கையில மாட்டிக்கிட்டுத் தூங்கணும். அவ்வளவுதான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"வேலைக்குப் போகப்போறேன்னு தெரிஞ்சா உடனே வேற ஆள் வெச்சிடுவீங்களோன்னு பயம்."

மிச்சமிருந்த மூன்று பாத்திரங்களையும் உறை போடாமலே தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "நாளையிலேருந்து வரலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் கணவர் வந்ததும், "கதை நல்லாத்தான் சொல்றா" என்றாள் டீச்சர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். குதிகால்களில் பாளம் பாளமாக வெடிப்பு. அதன்மேல் வெள்ளையாக, வாசமாக, டீச்சரின் க்ரீம்.

"நீங்களா?"

"நடக்க முடியலை. ஆம்பளை க்ரீம் பூசறானேன்னு நீ சிரிப்பேன்னு…"

"நான் அவளைச் சொல்றப்ப வாயைத் தச்சு வெச்சிருந்தீங்களா?"

"பழி அவமேல போகும்னு நெனைக்கலை."

"நெனைச்சீங்க" என்றாள் டீச்சர். அவர் சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் மின்னலின் வீட்டுக்குப் போனாள். "நான் பண்ணினது தப்பு. அவர்தான் எடுத்திருக்காரு. நீ திரும்பி வா."

மின்னல் வாசற்படியிலேயே நின்று கேட்டாள். "வந்தா மறுபடியும் என் கையைத்தான் பாத்துக்கிட்டிருப்பீங்க. வேண்டாம் டீச்சர். அன்னிக்கு சீக்கிரம் கிளம்பினது கடையில கையைக் காட்டத்தான். விசாரிக்க அங்கேருந்து உங்களுக்கு போன் வரும். உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

திங்கட்கிழமை போன் வந்தது. "உங்க வீட்டுல வேலை பாத்தவங்க, கை சுத்தமா?" என்றார் மானேஜர்.

"சுத்தம். ஒரு ஸ்பூன்கூட காணாமப் போனதில்ல."

"புகார் ஒண்ணும் வரலையே?"

'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உள்ளதைச் சொல்லச் சொன்னாளே என்று, "ஒரு புகார் உண்டு. நான் சொன்னதுதான். பொய்ப் புகார்" என்றாள்.

மானேஜர் இழுத்தார். "பொய்யா? ம்… சரிங்க, பாக்கறேன்." வைத்துவிட்டார்.

அந்த 'ம்' மூன்று நாள் அவளைத் தூங்கவிடவில்லை. தானே போய் மின்னலின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ?

நாலாம் நாள் கடைவீதிக்குப் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். மின்னல் உள்ளேதான் இருந்தாள். ஒரு பெண்ணின் தோளில் மெல்லிய துணியைப் பிரித்துப் போட்டாள். துணி அவள் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போனது. கல்லாவிலிருந்த மானேஜரின் கண் மட்டும் அவள் கையை விட்டு நகரவில்லை. பார்ப்பது துணியையா, அவளையா என்று டீச்சருக்கு நன்றாகவே புரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"அன்னிக்கு போன்ல பேசின டீச்சர் நான்தான். பாதியிலேயே வெச்சிட்டீங்க. முழுசாக் கேளுங்க."