கடைசித் தட்டுச் சொபா

கிசோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஆறு வருடமாகச் சொபா நூடுல்ஸ் சாப்பிடாமல் வாழ்ந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். என் மனைவி மித்சுஹோவுக்கு அது ஆகாது. ஆகாது என்றால் வயிறு கெடுவதில்லை. தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். சொபா வேகும் ஆவி பட்டாலே முகம் வீங்கும். வெளியூரில் தங்கினால் முதலில் தலையணையைத்தான் அமுக்கிப் பார்ப்போம், உள்ளே சொபா தானியத்தின் உமி இருக்கிறதா என்று. நான் வெளியே தின்றுவிட்டு வந்து அவளை முத்தமிட முடியாது. அதனால் தொட்டதே இல்லை.

ஏப்ரலில் அவள் இறந்தாள். சொபாவால் அல்ல. மூளையில் ஒரு ரத்தக்குழாய்.

அதன் பிறகு எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. சோறு, மிசோ சூப், சுட்ட மீன், நானே வைக்கும் ரசம், எல்லாம் நனைந்த காகிதம். அவை எல்லாவற்றையும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் இல்லாத சாப்பாடு என்று ஒன்று மிச்சமிருந்தால் அது சொபாதான். நவம்பரில் அறுவடை முடிந்து, தோகுஜியின் சொபாக் கடை வாசலில் ‘புதுச் சொபா’ என்று கொடி ஏறியபோது இது தோன்றியது. இதுவும் ருசிக்காவிட்டால் இனி எதுவும் ருசிக்கப்போவதில்லை என்றும் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் போய் வரிசையில் நின்றேன்.

தோகுஜியின் மனைவி ஃபுசாயே தலைகளை எண்ண வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் துள்ளிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

“ஐயையோ, பரிதி தம்பியா! கிட்ட வராதீங்க, உடம்பெல்லாம் மாவு!”

பல வருடப் பழக்கம். நாங்கள் தெருவில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் குனிந்து வணங்குவாள். இறுதிச் சடங்கன்றும் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்த அவளும் தோகுஜியும் சாலைக்கு எதிர்ப்பக்கமே நின்றார்கள். இனி என்ன ஆகிவிடப்போகிறது, உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இப்போது அவளுக்கே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பரவால்லக்கா. சாப்பிடத்தான் வந்தேன்.”

என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். “என்னங்க! பரிதி தம்பி வந்திருக்காரு!”

“எதுக்கு?”

“சாப்பிட!”

“நம்ம கடையிலயா?”

“பின்ன, முடி வெட்டிக்கவா வருவாரு?”

வரிசை சிரித்தது. உள்ளே நூடுல்ஸ் வெட்டும் கத்தியின் சத்தம் ஒரு நொடி நின்று, முன்னைவிட வேகமாகக் கேட்டது.

எனக்குக் கிடைத்த இருக்கைக்குப் பக்கத்தில் ஷிஹோ. நான் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தை ஓட்டுகிறவள். சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியில வந்துட்டீங்களா! இந்தக் கடையத் தாண்டுறப்பல்லாம் பஸ் ஜன்னல்ல மூக்க வச்சு அழுத்துவீங்களே. கண்ணாடியில எனக்கு எல்லாம் தெரியும்.”

“ஓட்டுறப்ப ரோட்டப் பாக்க மாட்டீங்களா?”

“ரோடு தெனமும் ஒரே மாதிரிதான இருக்கு.”

மூங்கில் தட்டு வந்தது. குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் கிண்ணத்தில் கறுப்புச் சாறு. குச்சிகளால் ஒரு கொத்து எடுத்து, சாற்றில் முழுக்க அமிழ்த்தி, வாயில் வைத்துச் சத்தமில்லாமல் மென்றேன்.

உப்பு. வெறும் உப்பு. உப்புப் போட்ட காகிதம்.

குச்சிகளைக் கீழே வைத்தேன்.

“துணி ஊற வைக்கிறீங்களா?” என்றாள் ஷிஹோ.

“ருசியே இல்ல.”

கடைக்காரர் காதுபட யாரும் சொல்லாத வார்த்தை. சுற்றிலும் உறிஞ்சும் சத்தம் நின்றது. தோகுஜி தலையைத் தூக்கினார்.

“அவரத் திட்டாதீங்க, அவருக்குத் திங்கத் தெரியல,” என்று தோகுஜியிடம் சொல்லிவிட்டு ஷிஹோ என் பக்கம் திரும்பினாள். “நுனிய மட்டும் தொடுங்க. அப்புறம் சர்ருனு இழுங்க. காத்தும் கூடவே போகணும், அப்பத்தான் வாசனை மூக்குக்கு ஏறும். கடையே திரும்பிப் பாக்கணும்.”

“எனக்கு உறிஞ்ச வராது.”

“கைக்குழந்தைக்கே வருது!”

இழுத்தேன். புரையேறியது. சாறு அவளுடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. கடை சிரித்தது. அவள், “ம், இன்னொரு தடவ. சட்டைதான் போயிடுச்சே,” என்றாள்.

மறுபடி இழுத்தேன். சாக்கடை அடைப்பு விட்டது போல ஒரு சத்தம். அடுத்த கணம் மூக்குக்குப் பின்னாலிருந்து அது வந்தது. ஈரப் புல்லும் வறுத்த பயறும் கலந்தது போன்ற வாசனை. நாக்கில் மெல்லிய இனிப்பு. காகிதம் இல்லை. சத்தியமாகக் காகிதம் இல்லை.

இழுத்தேன். இழுத்தேன். தட்டு காலி. என்னால் உட்கார முடியவில்லை.

“இன்னொண்ணு!”

அதே நேரத்தில் ஷிஹோவும் கையைத் தூக்கினாள். தோகுஜி மாவுப் பலகையைப் பார்த்தார்.

“ஒரு தட்டுக்குத்தான் மாவு இருக்கு. பாதி பாதியாத் தர மாட்டேன்.”

“அப்ப ஜாங்கென்,” என்று ஷிஹோ சட்டைக் கையை மடித்தாள். கல், கத்திரி, காகிதம். இங்கே பெரியவர்களும் வழக்கை இப்படித்தான் தீர்ப்பார்கள்.

“விட்டுக் குடும்மா ஷிஹோ, அவரு பாவம்,” என்றாள் ஃபுசாயே.

“என்ன பாவம்? என் சட்டைதான் பாவம். ரெண்டு மணி பஸ்ஸ எடுக்கணும், வெறும் வயித்தோடயா?”

“ஒரு தட்டு உள்ள போயிடுச்சேடி!”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏப்ரலிலிருந்து எல்லோரும் எனக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், இருக்கையை, முறையை, பேச்சை. இவள் ஒரு நூடுல்ஸ்கூட விடுவதாக இல்லை.

கடை முழுக்கச் சேர்ந்து கூவியது. இருவரும் கல். மறுபடி கூவியது. நான் கல். அவள் விரித்த கை, கல்லை மூடும் காகிதம்.

“கொண்டாங்க தட்ட!” என்று அவள் குதித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தட்டுச் சொபாவுக்காக, காது சுடுகிற அளவுக்கு நிஜமான கோபம். அந்தத் தட்டு எனக்கு வேண்டும்.

“மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கணும்!” என்று கத்தினேன்.

“இது அழுகுணி ஆட்டம்!”

“ஒரே ஆட்டம்னு யாரு சொன்னது?”

“அவரு சொல்றதும் சரிதானே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “இல்லவே இல்ல!” என்றது இன்னொன்று. கடை இரண்டாகப் பிரிந்தது.

“சீக்கிரம் முடிங்க, தண்ணி கொதிக்குது,” என்றார் தோகுஜி.

ஷிஹோ என்னை முறைத்துக்கொண்டே முஷ்டியை ஓங்கினாள். நானும் ஓங்கினேன்.