கிளறின மண்

எனக்கு மூக்கு மேல கோபம்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். கோபம் சும்மாவா வருது? மூணாம் வகுப்பு ஜன்னல் ஓரத்துல நான் வரிசையா வெச்சிருந்த பேப்பர் கப்புகளை யாரோ தினமும் கிளறிக்கிட்டு இருந்தாங்க. காலையில தட்டிச் சமமாக்கின மண்ணு, மதியச் சாப்பாடு முடிஞ்சு வந்து பார்த்தா கோழி கிளறின மாதிரி கிடக்கும். உள்ளே போட்ட பயறு ஒண்ணுகூட முளைக்கலை.

நான் பயிற்சி டீச்சர். விதை முளைக்கிறது, செடியாகுறது, பூத்துக் காய்ச்சு மறுபடி விதையாகுறதுன்னு பாடம் நடத்திக் காட்டணும். பரீட்சை அதிகாரி வந்து பார்ப்பார். போன தடவை வந்தவர்கிட்ட எதிர்த்துப் பேசி ஃபெயில் ஆனவ நான். இந்தத் தடவையும் கோட்டை விட்டா, வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிடுவாங்க.

முதல் நாள் பாடம் என்னவோ அமர்க்களம்தான். "விதை செத்த மாதிரி கிடக்கும். மண்ணுல புதைச்சுத் தண்ணி ஊத்துங்க, டக்குன்னு உயிர் வந்து எழுந்துக்கும்!"னு குனிஞ்சு, நிமிர்ந்து, கையைத் தூக்கி நடிச்சுக் காட்டினேன். பசங்க கைதட்டினாங்க. வகுப்பு டீச்சரம்மா மட்டும் பின்பெஞ்சில உட்கார்ந்து, "பார்ப்போம், பார்ப்போம்"னு உதட்டைப் பிதுக்கினாங்க.

அந்தப் பிதுக்கல்தான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. வேற யாருக்கு என் மேல வயித்தெரிச்சல்? பரீட்சைக்கு முந்தின நாள், சாப்பாட்டு மணி அடிச்சதும் அலமாரிக்குப் பின்னாடி பதுங்கிட்டேன். நினைச்ச மாதிரியே டீச்சரம்மா பூனை மாதிரி வந்தாங்க. ஒரு கப்பைத் தூக்கி, விரலை உள்ளே விட்டாங்க.

"கையும் களவுமா மாட்டினீங்களா!"னு பாய்ஞ்சேன்.

"அடிப்பாவி, உயிரே போச்சு!" நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீதான் தோண்டி, வீட்ல முளைச்ச பயறைக் கொண்டுவந்து உள்ளே ஒளிச்சு வைக்கிறியோன்னு பார்க்க வந்தேன்!"

"நானா? என்னைப் பார்த்தா ஃபிராடு மாதிரியா இருக்கு?"

"என்னைப் பார்த்தா மட்டும் திருடி மாதிரி இருக்காக்கும்?"

அதுக்குள்ள வாசல்ல காலடிச் சத்தம். ரெண்டு பேருமே அலமாரிக்குப் பின்னாடி ஒண்டினோம். வந்தது மூணாவது பெஞ்சுப் பொண்ணு. எதைச் சொன்னாலும் "நிஜமாவா?"ன்னு கேட்பா, அதனால பசங்க வெச்ச பேரு வக்கீல். பென்சிலால ஒவ்வொரு கப்பா தோண்டி, பயறை வெளியே எடுத்து உத்துப் பார்த்தா.

நான் வெளியே வந்தேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவ ஓடலை.

"நீங்க பொய் சொல்றீங்களான்னு பார்த்தேன் டீச்சர்."

"என்ன பொய்?"

"புதைச்சா உயிர் வரும்னீங்க. எங்க அப்பாவையும் புதைச்சாங்க. மழைகூட பெஞ்சுது. வரலை."

பின்னாடி டீச்சரம்மா "ஐயோ"ன்னாங்க. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போச்சோ. தரையில அவ பக்கத்துல உட்கார்ந்தேன். மழுப்பிடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அவ கண்ணைப் பார்த்தா முடியலை.

"அப்பா வரமாட்டார் கண்ணு. எப்பவுமே வரமாட்டார். நான்தான் தப்பா சொல்லிட்டேன். விதை செத்தது இல்ல. உள்ளே உயிரோடதான் இருக்கு, தண்ணி கிடைச்சா வளரும். உயிர் போனவங்களை மண்ணு திருப்பித் தராது."

தேம்பித் தேம்பி அழுதா. நானும் அழுதேன். அப்புறம் மூணு பேருமா சேர்ந்து பயறை மறுபடி ஊன்றினோம்.

அவ போனதும் டீச்சரம்மா குரலைத் தாழ்த்தினாங்க. "எங்க வீட்ல முளைகட்டின பயறு இருக்கு. காலையில எடுத்துட்டு வந்து கப்புல வெச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

இது என்னை மாட்டிவிடுற வேலையோன்னு அப்பவும் ஒரு சந்தேகம். ஆனா அவங்க கண்ணு கலங்கியிருந்தது, மனசாரத்தான் சொன்னாங்க. எனக்கும் ஆசை வராம இல்ல.

"வேண்டாம்மா. நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

மறுநாள் அதிகாரி கப்புகளை ஒண்ணொண்ணா எட்டிப் பார்த்தார். "முளையே காணோமே. என்னம்மா பாடம் இது?"

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, "வெளியே எடுத்துப் பார்த்துட்டாங்க சார். நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். மறுபடி ஊன்றியிருக்கோம், வரும்"னேன்.

"வரும்னு எல்லாரும்தான் சொல்றாங்க." பசங்க பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, வருமா?"

வக்கீல் எழுந்து நின்னா.

"வரும் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னா நம்பிடுவியா?"

அவ என்னை ஒரு தடவை பார்த்தா.

"வராததை வராதுன்னு சொன்னாங்களே சார்."