தெல்மோ வாங்காத சிவப்பு அட்டை

எங்கள் சுரங்க ஊர் கஸ்த்ரெலோவின் கால்பந்து அணிக்கு, இடது ஓரத்தைக் காக்கிற லெஃப்ட் பேக்காக ஆடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் மைதானத்தில் இடது ஓரக் கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கக்கூட இடம் கிடையாது. வேலியைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்து ஆட்கள் நிற்பார்கள். லெஃப்ட் பேக் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் வசவு நேராக அவன் காதுக்குள் விழும்.

தெல்மோ ரொசாதா பதினெட்டு வயதில் அந்த இடத்துக்கு வந்தான். சுரங்கக்காரர் மகன்தான். பந்து கிடைத்தால் முன்னால் ஓடிவிடுவான். திரும்பி வருவதற்குள் எதிரணி அவன் இடத்தில் புகுந்திருக்கும். "டேய் வெள்ளாடு! ஏறத் தெரிஞ்ச உனக்கு இறங்கத் தெரியாதா?" என்று வேலியிலிருந்து கத்துவார்கள். அவன் விட்டுப்போன இடத்தை மூடியவர் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் அவெலினோ. தெல்மோவைவிடப் பதினெட்டு வயது பெரியவர். வாழ்நாளில் வேறு அணிச் சட்டை போட்டதில்லை. திட்டிக்கொண்டே மூடுவார், மூடிவிட்டு, "போ, போ, நான் இருக்கேன்" என்பார். தெல்மோ அந்தக் குரலை நம்பித்தான் ஓடினான்.

இரண்டாயிரத்து ஆறில் எங்கள் அணி மேல் பிரிவுக்குப் போகும் வாய்ப்புக்கு வந்து நின்றது. ஒரே எதிரணியோடு இரண்டு ஆட்டம். முதலாவது அவர்கள் ஊரில், அடுத்தது எங்கள் ஊரில். அந்த இரண்டாவது ஆட்டத்தோடு ஓய்வு பெறுவதாக அவெலினோ சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. வேலிக்காரர்கள் அவருக்காக ஒரு பெரிய துணிப் பதாகை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. இடைவேளைக்குள் மைதானம் உழுத வயலாகிவிட்டது. யார் சட்டை எது என்று அவரவர் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. தெல்மோவின் முதுகில் மூன்று, அவெலினோவின் முதுகில் ஐந்து. சேறு அப்பிய பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஆட்டம் சமமாக இருந்தது. முடியப் போகிற நேரத்தில் ஓரமாக முன்னேறி ஆடுகிற அவர்களுடைய விங்கர் தெல்மோவைத் தாண்டிவிட்டான். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். தெல்மோ கையை நீட்டி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அதே நொடியில் அவெலினோ பக்கவாட்டிலிருந்து சறுக்கி வந்து பந்தைத் தட்டிவிட்டார். மூன்று பேரும் ஒரு குவியலாகச் சேற்றில் விழுந்தார்கள்.

ரெஃப்ரி தூரத்திலிருந்து ஓடி வந்தார். குவியலைப் பார்த்தார், முதுகுகளைப் பார்த்தார், அவெலினோவின் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையை நீட்டினார்.

"நானா?" என்றார் அவெலினோ. பிறகு தெல்மோவைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு கை பிடிக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தார். தெல்மோ குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது அவெலினோ மைதானத்தைவிட்டு நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

ஆட்டம் சமமாகவே முடிந்தது. அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டம் ஆட முடியாது.

தெல்மோவுக்கு இன்னொன்றும் தெரியும். தெற்கே கடலோரத்து முதல் பிரிவு அணி ஒன்றிலிருந்து, அவனைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறார்.

மறுநாள் காலை செனேன் வந்தார். கிளப்பின் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பாதிரியாரைவிடச் செல்வாக்கு. உடை மாற்றும் அறையில் அவரும் தெல்மோவும் அவெலினோவும் மட்டும் இருந்தார்கள்.

"ரெஃப்ரி ஆள் மாறிக் கொடுத்துட்டாருன்னா கமிட்டில பேசிப் பார்க்கலாம்" என்றார் செனேன். "ஆனா தப்பு பண்ணவன் தானா ஒத்துக்கணும். தெல்மோ, நீ சொல்லு. இழுத்தது யாரு?"

தெல்மோ வாயைத் திறந்தான். அவன் நாக்கில் 'நான்' என்ற சொல் இருந்தது என்று பிற்பாடு எங்களிடம் சொன்னான். ஆனால் வெளியே வந்தது வேறு.

"தெரியல ஐயா. ஒரே சேறு. எல்லாரும்தான் விழுந்தோம்."

செனேன் அவெலினோவைப் பார்த்தார். அவெலினோ துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் இழுத்தேன். விடு செனேன், முடிஞ்சுபோச்சு" என்றார்.

செனேன் போனதும் அண்ணனும் தம்பியும்போல ஆடிய இருவரும் தனியாக நின்றார்கள். ஒரு வார்த்தை பேசினால்கூடப் போதும் என்று தெல்மோவுக்குத் தோன்றியது. அவெலினோ பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அவங்க விங்கர் வெளிப்பக்கமாத்தான் போவான். அந்தப் பக்கத்தை அடை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆட்டத்தில் தெல்மோ ஆடியதுபோல அதற்கு முன்னும் பின்னும் ஆடியதில்லை. விங்கர் வெளிப்பக்கமாகத்தான் வந்தான், தெல்மோ அடைத்தான். கடைசியில் கோட்டோரமாகவே ஓடிப்போய் இடது காலால் அனுப்பிய கிராஸில் தலை வைத்து எங்கள் ஆள் கோல் போட்டான். ஊர் மேல் பிரிவுக்குப் போயிற்று. வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே புகுந்து தெல்மோவைத் தூக்கினோம். வெள்ளாடு, வெள்ளாடு என்று பாடினோம். தோள்களின் உயரத்திலிருந்து அவன் பார்த்தபோது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஏழு வயது மகள் ஒலாயாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவெலினோ வேலியோரம் நின்றிருந்தார். கை தட்டிக்கொண்டிருந்தார். பதாகையைப் பிரிக்க எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் கிளப்பில் விருந்து. பெரிய அண்டாவில் மொச்சையும் பன்றி இறைச்சியும் வெந்திருந்தன. பரிமாறியது அவெலினோவின் மனைவி எதெல்வினா. கரண்டியோடு தெல்மோ முன்னால் வந்து நின்றாள்.

"தம்பிக்கு முதல்ல போடுறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு ரெண்டு பேர் ஆட வேண்டியதை ஒத்த ஆளா ஆடியிருக்கான்."

மேஜையே சிரித்தது. தெல்மோவும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தட்டு நிறைய வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

அந்த மாதமே தெல்மோ தெற்கே போனான். பதின்மூன்று வருஷம் முதல் பிரிவில் ஆடினான். இறங்கவும் கற்றுக்கொண்டான். தேசிய அணிக்குக் கூப்பிடவில்லை, ஆனால் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று பேசுகிற அளவுக்கு ஆடினான். சட்டையைப் பிடித்து இழுக்காத லெஃப்ட் பேக் என்று பெயர் எடுத்தான். எதிராளி தாண்டிவிட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு துரத்துவான். "கையை யூஸ் பண்ணுடா, கல்யாண ஊர்வலத்துலயா ஓடுற!" என்று கோச் கத்துவார். அவன் கேட்டதில்லை.

ஒருமுறை பெரிய ஆட்டம் ஒன்றில் அவன் செய்த ஃபவுலுக்கு ரெஃப்ரி பக்கத்தில் நின்றவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். தெல்மோ பாய்ந்து ஓடி ரெஃப்ரியின் கையைப் பிடித்தான். "நான்தான்! அவன் இல்ல, நான்தான்!" என்று கத்தினான். குரல் அழுகையாக உடைந்தது. வெறும் மஞ்சள் அட்டைக்கு ஏன் இத்தனை என்று கூட இருந்தவர்களுக்குப் புரியவில்லை. தொலைக்காட்சி அதை ஒரு வாரம் திரும்பத் திரும்பக் காட்டியது. நேர்மைக்கென்று ஒரு கோப்பையும் கொடுத்தார்கள்.

அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "உன்னைப் பத்தி பாதிரியார் பிரசங்கத்துலயே சொன்னாருடா! எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"அவெலினோ அண்ணன் கோயிலுக்கு வந்திருந்தாராம்மா?"

"ஆமா, முன் வரிசையில இருந்தாரு. ஏன்டா?"

தெல்மோ ஒன்றுமில்லை என்று போனை வைத்தான். கோப்பையை அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அவள் அதைக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான்.

முப்பத்து மூன்று வயதில் தொடைத் தசை கிழிந்து ஆட்டத்தை விட்டான். ஊருக்கே திரும்பிவிட்டான். அதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அணியும் பழையபடி கீழே இறங்கியிருந்தது. இடது ஓரத்தில் வேலிக்குப் பின்னால் புதிதாகக் கூரை போட்ட இருக்கைகளுக்கு தெல்மோவின் பெயர் வைப்பதென்று கிளப் முடிவு செய்தது. அவன் வேண்டாமென்று இரண்டு தடவை சொன்னான். "அடக்கத்தைப் பாரு!" என்று மூன்றாவது தடவை கேட்காமலேயே பலகை எழுதிவிட்டார்கள்.

திறப்பு விழாவில் ஊரே இருந்தது. சைடர் என்கிற ஆப்பிள் மதுப் பீப்பாய் திறந்து வைத்திருந்தார்கள். தெல்மோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"இந்தப் பேரு இங்க இருக்கக் கூடாது" என்றான். "அன்னைக்கு அந்த ஊர்ல, மழையில, சட்டையைப் பிடிச்சு இழுத்தது நான்தான். அட்டை எனக்கு வரவேண்டியது. அவெலினோ அண்ணன் கடைசி ஆட்டத்தை நான் தின்னுட்டேன். கேட்டப்போ வாயைத் திறக்கல. இத்தனை வருஷமா வெட்கத்துல சாகுறேன்."

அப்புறம் எங்கோ பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது பரவியது. கிழவராகிவிட்ட செனேன் நாற்காலியிலிருந்தே கத்தினார்: "அடப் பைத்தியக்காரா! அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டா! கோலுக்குப் பின்னாடி ரெண்டு பஸ் ஆளுங்க நின்னு பார்த்தோமே! நீ ஆடினாத்தான் ஜெயிப்போம்னு சும்மா இருந்தோம். ஜெயிச்சோம்ல!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "வெள்ளாடு! வெள்ளாடு!" யாரோ அவன் கையில் சைடர் கோப்பையைத் திணித்தார்கள். அவன் அங்கே நின்றதைப் பார்த்தால், நடுத்தெருவில் உடுப்பைக் கழற்றிவிட்டு, போட்டுக்கொள்ள எதுவும் கிடைக்காமல் நிற்கிறவனைப் போல இருந்தான்.

அங்கிருந்து நேராக அவெலினோ வீட்டுக்கு நடந்தான். கதவைத் திறந்தது எதெல்வினா.

"வாங்க, பிரசங்கி" என்றாள். "அரை மணி நேரத்துல ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க. உள்ள இருக்காரு, போ."

அவெலினோ அடுக்களை மேஜையில் உட்கார்ந்திருந்தார். அந்த நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதுதான் அவர் வேலை. உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க" என்றான் தெல்மோ.

"எதுக்கு? அன்னைக்கு வாயை மூடினதுக்கா, இன்னைக்குத் திறந்ததுக்கா?"

தெல்மோவுக்குப் புரியவில்லை.

"உன்னைக் கேட்கிறதுக்கு முன்னாடியே செனேன் என்கிட்ட வந்தான்" என்றார் அவெலினோ. "'பையனைப் பார்க்க ஆள் வருது. அவன் ஆடினா மேல போவோம். நீ எப்படியும் முடிக்கப்போற ஆளு, நீ ஏத்துக்கோ'ன்னான். பதினேழு வருஷம் அந்தச் சட்டைக்கு முழங்காலைக் கொடுத்தேன். 'நீ வேண்டாம், போனாப் போகுது'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். சரின்னேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது சும்மா ஒப்புக்கு. எனக்கும் அது தெரியும். ஆனாலும் நீ 'நான்தான்'னு சொல்லிடுவேன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா செனேனால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. துண்டை மடிச்சுக்கிட்டே காத்துக்கிட்டிருந்தேன்டா."

அவெலினோ நிறுத்தவில்லை.

"ஒலாயாவுக்கு இதுவரைக்கும் அப்பான்னா என்ன தெரியுமா? ஆத்திரத்துல ஒரு தப்பு பண்ணி, கடைசி ஆட்டத்தைக் கோட்டை விட்ட மனுஷன். அதுல அசிங்கம் இல்ல. யாருக்கும் நடக்கும். இனிமே? ஊரே கூடி வேண்டாம்னு தள்ளி வெச்சும் தலையாட்டிட்டு வந்தவன். அதை நீ மைக்கைப் பிடிச்சு ஊர் வாயால சொல்ல வெச்சுட்டே. அவங்களும் சிரிச்சிருக்காங்க. அந்தப் பந்தை நான் எவ்வளவு சுத்தமா எடுத்தேன், அதை எவனாவது சொன்னானா? நீ சொன்னியா?"

"இல்லண்ணே."

"போ."

எதெல்வினா வாசல்வரை வந்தாள். "உன் மனசுல இருந்த பாரத்தை இறக்கி வெச்சுட்டே. எங்க வீட்டு வாசல்லதான் வெச்சிருக்கே" என்றாள். குரலில் கடுமை இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

தெல்மோ செனேனிடம் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லி மன்றாடினான். செனேன் சிரித்து முதுகில் தட்டினார். மதுக்கடையில் அந்தச் சேற்றுக் கதையை எங்கள் ஆட்கள் நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் தெல்மோ, ஒருவன் விங்கர். ஒருநாள் தெல்மோ எழுந்து, "அவெலினோ பந்தைத்தான் தொட்டாரு. ஆளைத் தொடவே இல்ல. அதைச் சேர்த்துக் காட்டு, இல்லன்னா காட்டாதே" என்றான். சொன்ன விதத்தில் கடை அமைதியானது. எங்களில் சிலருக்கு அன்றைக்குத்தான் சிரித்தது உறுத்தியது. அதற்குப் பிறகு அந்த நடிப்பு நின்றது.

பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. தெல்மோ அந்த இருக்கைகளில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் வேலியோரமாக நின்றுதான் ஆட்டம் பார்ப்பான்.

போன வசந்தத்தில், பல வருஷங்களுக்குப் பிறகு, அவெலினோ மைதானத்துக்கு வந்தார். வற்புறுத்தி அழைத்து வந்தது ஒலாயா. அவரும் அதே வேலிக்குத்தான் வந்தார். இடம் இல்லாமல் தெல்மோவிலிருந்து இரண்டு ஆள் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த இரண்டு பேரும் சைடர் வாங்கப் போனார்கள்.

அப்போது எங்கள் லெஃப்ட் பேக்கை ஒருவன் சுலபமாகத் தாண்டிப் போனான்.

"எங்க நிக்கிறான் பாரு, முட்டாப்பய!" என்று அவெலினோ பக்கவாட்டில் திரும்பிக் கத்தினார். பழக்கதோஷம்.

"இன்னும் உள்ள வரணும்" என்றான் தெல்மோ.

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசினோம் என்று இருவருக்கும் உறைத்தது. அவெலினோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெல்மோவுக்குக் காதுவரை சிவந்தது. ஆட்டம் முடியும்வரை இருவரும் அசையவில்லை. கடைசி விசில் அடித்ததும், அவர் தன்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவேண்டிய சங்கடம் வேண்டாமென்று, தெல்மோ சுற்றுவழியான பின்வாசல் பக்கம் நடந்தான்.