என் விரிப்பில் இன்னொரு கை

என் விரிப்பில் யாரோ கை வைக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது என் விரல்தான். எங்கள் சபையின் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகைக்குத் திருவிருந்து மேசையில் விரிக்க வெள்ளை நூலில் குரோஷா பின்னிக்கொண்டிருந்தேன். அன்று காலை ஊசியை எடுக்கும் முன் தடவிப் பார்த்தால் கடைசி வரிசைகள் இறுக்கமாக இருந்தன. எனக்குத் தளர்ந்த கை. நூலை இழுத்துப் பிடித்துப் பின்னுகிற பழக்கமே கிடையாது.

எங்கள் ஊர் கருங்கல் வட்டாரத்தில் குரோஷா ஊசி பிடிக்கிற பெண்களுக்கு இந்த நேசபாய் யார் என்று தெரியும். யூடியூபில் சேனல் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தங்கையன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் செல்போனைப் பிடிப்பார், நான் சொல்லிக்கொடுப்பேன். வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்குங்கள், பிறகு போனால் அதே நிறம் கிடைக்காது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னித் துவைத்து, சுருங்குகிறதா பாருங்கள். எண்ணாமல் வரிசையைத் திருப்பாதீர்கள். கடைசிக் கண்ணியை விட்டால் துணி ஓரத்தில் குறுகிக்கொண்டே போகும். மிச்ச நூலை எறியாமல் சோப்புப் பை பின்னுங்கள், டம்ளர் வைக்க வட்டம் பின்னுங்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினேன். பண்டிகையன்று போதகர், விரிப்பைப் பின்னியவள் என்று அந்தப் பெயரைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார். அதற்குள் ஒருத்தி என் வேலையில் விளையாடினால் விடுவேனா?

ஒருத்தி என்றால் ரெனிஷா. பக்கத்து வீட்டுப் பெண், என்னிடம் படித்தவள். இப்போது அவளும் இன்ஸ்டாகிராமில் குரோஷா ரீல்ஸ் போடுகிறாள். மத்தியானம் வருவாள், விரிப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள், வாயைத் திறக்காமல் வைத்துவிடுவாள். குரோஷாவில் நூல் நுனியை இழுத்தால் போதும், பின்னியது வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். பிரித்துப் பார்த்து என் டிசைனைப் படித்துக்கொண்டு, திரும்பப் பின்னி வைத்துவிட்டு, எனக்கு முன்னால் வீடியோ போடத் திட்டம் என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "மக்கா, நீ எனக்க விரிப்பைப் பிரிச்சியா?"

அவள் முகம் வெளுத்தது. "இல்ல மாமி... நான் வந்து..." என்றவள் என்னைப் பார்க்கவில்லை, தங்கையனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"இனி இஞ்ச வராண்டாம். பண்டிகையில நான் போடுத குரோஷா ஸ்டாலுக்கும் நீ வேண்டாம்" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். அழுகிற கள்ளியையும் நான் பார்த்திருக்கிறேன்.

விரிப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்புறமும் வரிசைகள் இறுகின. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படியானால் மனுஷன் சாவியை எடுத்து அவளுக்குக் கொடுக்கிறார்! இத்தனை வருஷம் சோறு போட்டவளுக்கு இதுவா கூலி? அன்று மீன்குழம்பில் புளியைத் தாராளமாகவே விட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆகவே பொறி வைத்தேன். விரிப்பில் விசிறி டிசைன். ஒவ்வொரு விசிறிக்கும் ஐந்து கால், அதாவது ஐந்து நீளக் கண்ணி. கடைசி வரிசையைத் தொடங்கும் ஓரத்து விசிறிக்கு வேண்டுமென்றே நாலு கால் போட்டேன். பின்னத் தெரிந்தவள் கையில் எடுத்தால் அதைத் திருத்தாமல் இருக்க முடியாது. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லி இறங்கி, பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

ரெனிஷா இல்லை. தங்கையன் ஜன்னலோரம் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் என் விரிப்பு, கையில் என் ஊசி, காலடியில் அப்போதுதான் பிரிக்கத் தொடங்கிய நூல்.

"நீங்களா?" என்றேன். "ஊசி பிடிக்க எப்பம் படிச்சீங்க?"

"உனக்க வீடியோ முழுக்க எடுத்தது யாரு? கேட்டுக் கேட்டே படிச்சேன்."

"அகப்பட்டீங்களா! அந்த நாலு கால் விசிறி நான் வேணும்னே போட்டது. ஆளைப் பிடிக்கதுக்கு."

அவர் விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப மத்த மூணும்?"

"எந்த மூணு?"

"ஏட்டி, இந்த ஒரு வரிசையில மட்டும் நாலு பிசகு இருக்கு. முன்ன உள்ள வரிசையெல்லாம் நான் சரியாக்கிட்டேன். உனக்குக் கண்ணு தெரியல்ல. ரெனிஷாதான் மொதல்ல கண்டா. மாமி மனசு நோவும், நீங்க யாருக்கும் தெரியாம திருத்துங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னா."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"கண்ணாஸ்பத்திரிக்கு வான்னதுக்கே நீ ரெண்டு நாளு பேசல்ல."

விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். ஓரத்து விசிறி எங்கே என்று எனக்குத் தெரியும்; நான் வைத்தது. மற்றதைத் தேடினேன். கிட்டப் பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். எல்லா விசிறிகளும் ஒன்றுபோல வெள்ளையாக, சரியாக இருந்தன. அவர் விரலை வைத்து, "இது" என்றார். விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். அங்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணை என்னவெல்லாம் நினைத்தேன் என்று நெஞ்சு எரிந்தது.

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவளுடைய பெயரையும் அவரே தேடி அழுத்தினார். அவள் எடுத்தாள்.

"மக்கா, தப்பு எனக்க மேலதான்" என்றேன். "ஒருக்கா வா. பிசகு எங்கன்னு எனக்குத் தெரியல்ல. நீ கையைப் பிடிச்சுக் காட்டித் தா."