ஏரிக்கரையில் சோபா இல்லை

“கடையில டென்ட் கரெக்டா நின்னுச்சும்மா. போட்டுப் போட்டுப் பாத்தேன்.”

“கடையில எதுல கட்டுனீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “சோபா கால்ல.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சோபா தைப்பவரின் கடையில் காலுக்கா பஞ்சம்? கூடாரத்தின் நாலு மூலையையும் சோபாக்களில் கட்டியே பழகியிருக்கிறார். தரையில் அடிக்க வேண்டிய முளைகள் பிரிக்காத பையோடு அங்கேயே மேஜைக்கடியில் கிடக்கின்றன. இங்கே ஏரியும் காடும் காற்றும்தான் இருந்தன.

“ஏரிக்கரையில யாரு சோபா போட்டு வெச்சிருப்பா?”

“நல்லா கேளு. உங்கம்மா காதுல மட்டும் விழ வேணாம். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

அம்மா இவரைக் கல்யாணம் செய்து ஒரு மாதம் ஆகிறது. நான் இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவோடும் இவரோடும் போவதா, சித்தி வீட்டிலேயே இருப்பதா என்பதை நானே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள். இவரை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. ‘இங்க பாருங்க’ என்பதிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ‘ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வாங்க’ என்று அனுப்பியது அம்மாதான்.

காலையிலிருந்து ஏரியைச் சுற்றிய காட்டுப்பாதையில் நடந்தோம். ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதெல்லாம் நின்று, பறவை பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். ஒருமுறைகூடப் பறவை இல்லை. நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

இப்போது ஒரு கயிற்றை மரவேரில் கட்டினோம். இரண்டுக்குக் கல் கிடைத்தது. நாலாவதற்கு ஒன்றும் அகப்படாததால் அதை நானே கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று இழுத்த இழுப்பில் துணியின் ஓரம் கிழிந்திருந்தது. சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை எடுத்து அவர் அதைத் தைத்தார். சாயங்கால வெயில் தண்ணீரில் படுத்திருந்தது.

“வீட்டுல சன்னல் பக்கமா ஒரு ரூம் இருக்கு” என்றார், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். “காலியாத்தான் வெச்சிருக்கேன்.”

“ஒரு சோபாகூடவா இல்ல?”

“அது மட்டும் இருக்கு. உன் சித்திகிட்ட உயரம் கேட்டு, நீ காலை நீட்டிப் படுத்து புக் படிக்கிற மாதிரி தெச்சது.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு, பறவையே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“எங்ககூட வந்து இருக்கியாம்மா?”